ஒரு துவக்குக்கு ஓர் அச்சு

கண்டி இராச்சியத்துப் படையாள் ஒருவன் சண்டையின் நடுவே குண்டு தீர்ந்துபோய், பக்கத்தில் நிற்பவனிடம் இரண்டு கேட்டு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குண்டுகள் அவனுடைய துவக்கினுள் போகுமா என்பது அவனது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அவன் துவக்கை ஒரு கொல்லர் செய்தார், பக்கத்தவன் துவக்கை வேறொருவர் செய்தார். குழலின் துளை எவ்வளவு அகலம் என்பதை அவரவர் துளைகருவியே தீர்மானித்தது. அதனால் அந்தக் காலத்துத் துவக்கு தனியாக வராது. அதற்கென்றே குண்டு வார்க்கும் அச்சு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அச்சு தொலைந்தால் துவக்கு பாதி ஊமை.

இன்று ஒரு நாட்டுத் தொழிற்சாலையில் செய்த 9 மில்லிமீற்றர் தோட்டா, வேறொரு நாட்டில் செய்த 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியில் தடையின்றிப் போய் உட்காருகிறது. அதற்கும் மேலே போய், ஒரே கைத்துப்பாக்கியின் சில பாகங்களைக் கழற்றி வேறு பாகங்களை மாட்டி, அதை இன்னோர் அளவுத் தோட்டாவுக்கு மாற்றியும் விடுகிறார்கள். அது எப்படிச் சாத்தியமாகிறது, ஏன் சில மாற்றங்கள் எளிதாகவும் சில மாற்றங்கள் மிகக் கடினமாகவும் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, கண்டிக் கொல்லர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு துவக்கும் தனக்கென்று ஓர் அளவு கொண்டிருந்த உலகம் அவர்களுடையது.

கலிபர் என்று சொல்லப்படுவது குழலின் உள்விட்டம். அதை அங்குலத்திலும் சொல்வார்கள், மில்லிமீற்றரிலும் சொல்வார்கள். இவை இரண்டுக்கும் முந்திய வழக்கம் ஒன்று நம் நாட்டுக் கமக்காரர் வாயில் இன்னும் இருக்கிறது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அரசாங்கம் அனுமதிப்பத்திரத்துடன் கொடுக்கும் துவக்கை ‘12 போர்’ என்கிறார்களே, அந்தப் 12 ஓர் எடைக் கணக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தை உருக்கி, ஒரே அளவான 12 உருண்டைகள் வார்த்தால், அதில் ஓர் உருண்டை சரியாகப் போகும் குழல் 12 போர். கணக்குப் பார்த்தால் அது 18.5 மில்லிமீற்றர் வரும். 16 உருண்டை வார்த்தால் ஒவ்வொன்றும் சிறிதாகும், ஆகவே 16 போர் என்பது 12 போரைவிட ஒடுக்கமான குழல். துல்லியமாக அளக்கும் கருவி கையில் இல்லாத காலத்தில், தராசை வைத்தே குழலின் விட்டத்தைச் சொல்ல வழி கண்டவர்களின் கெட்டிக்காரத்தனம் இது.

கைவேலையாகக் குழல் செய்வது உலகெங்கும் ஏறத்தாழ ஒரே முறையில்தான் நடந்தது. தட்டையாக அடித்த இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஓர் உருளைக் கம்பியைச் சுற்றி வளைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டும்வரை சம்மட்டியால் அடிக்க வேண்டும். பிறகு கம்பியை உருவிவிட்டு, உள்ளே கரடுமுரடாக இருக்கும் துளையை நீண்ட துளைகருவியால் பல தடவை கடைந்து ஒரே சீராக்க வேண்டும். ஒட்டு எங்காவது சரியாகப் பிடிக்காமல் இருந்தால், வெடிக்கும்போது குழல் அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒட்டின் குறையை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். எத்தனை தடவை கடைந்தால் துளை சீராகும் என்பது இரும்பைப் பொறுத்தது. முரட்டு இரும்புக்குக் கூடுதலாகக் கடைந்தால் துளை அகன்றுவிடும். அகன்ற அளவே அந்தத் துவக்கின் அளவு. கொல்லர் முதலில் குழலைச் செய்தார். அதற்குப் பிறகே குண்டின் அளவு தெரியவந்தது.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது இலங்கையரிடம் இப்படியான துவக்குகள் இருக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழாக மாறியது. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ, தாங்கள் வந்தபோது ஒரு துவக்குக்கூட இல்லாத தீவு, ஓயாத போரினால் தங்களுடையதைவிடச் சிறந்த துவக்குகளைச் செய்யும் இடமாகிவிட்டது என்று எழுதிவைத்தார். எதிரியின் வாயிலிருந்து வந்த இந்தச் சான்றைவிடப் பெரிய பாராட்டுக் கண்டி, கோட்டை, சீதாவாக்கைக் கொல்லர்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அவர்கள் வெறுமனே பார்த்துச் செய்தவர்கள் அல்லர். ஐரோப்பியத் துவக்குகளில் பொறி வலப்பக்கம் இருக்கும். சிங்களத் துவக்குகளில் அது இடப்பக்கம் இருக்கிறது. பொறியின் அடிப்படை அமைப்புப் போர்த்துக்கேயருடையது: சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தி உருக்குத் தகட்டில் மோதித் தீப்பொறி தருவது. ஆனால் கட்டை முழுவதும் கண்டியின் கைவண்ணம். அடிப்பகுதி குட்டையாக, இரண்டாகப் பிரிந்து உட்பக்கம் சுருண்டு நிற்கும். தந்தமும் வெள்ளியும் பதித்த கொடிச் செதுக்கல்கள் அதில் படர்ந்திருக்கும். இதே கொடிகளைக் கண்டிக் கோயில்களின் மரத்தூண்களிலும் யானைத்தந்தப் பேழைகளிலும் காணலாம். கொல்லரும் செதுக்குநரும் ஒரே மரபின் பிள்ளைகள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தக் கைவினைஞர்கள் ‘கொட்டல் பத்த’ என்ற அரசாங்கப் பகுதியின் கீழ் இருந்தார்கள். சம்பளமாகப் பணம் கிடையாது. நிலம் உண்டு, நிலத்துக்கு ஈடாக அரசனுக்கு வேலை. அரண்மனைக்கென்றே உயர்ந்த வேலைகளைச் செய்த நான்கு பட்டறைகளில் ஒன்று பொன்வாள் பட்டறை. படையாட்களும் தாங்கும் ஆயுதத்தின்படி பிரிந்திருந்தார்கள். கண்டி இராச்சியத்தின் நிர்வாகத்தை விவரித்த ஜோன் டொயிலியின் குறிப்புகளில் வெடிக்கார லேகம், கொடிதுவக்கு லேகம், பொந்திக்குல லேகம் எனத் தனித்தனிப் பிரிவுகள் வருகின்றன. இவற்றில் கொடிதுவக்கு என்பது தோளில் வைத்துச் சுட முடியாத கனமான துவக்கு. மூன்று கால்களில் நிற்கும். குனிந்து நிற்கும் அதன் தோற்றத்தைப் பார்த்த பிரித்தானியர் அதை வெட்டுக்கிளி என்று அழைத்தார்கள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பாறைமீது ஏறிவிடலாம். சக்கரம் வைத்த பீரங்கி போகமுடியாத இடத்துக்கெல்லாம் இது போகும். பலனைக் கணவாயையும் கடுகண்ணாவையையும் பார்த்தவர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

1638 மார்ச் 28 அன்று, இன்றைய பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையில் உள்ள கன்னொருவையில், இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெலோவின் படையை ஏறத்தாழ முழுவதுமாக அழித்தது. தளபதியும் அங்கேயே மாண்டார். காட்டு வழியில் ஒடுங்கிப் போகும் படையை இரு பக்கமும் மறைந்திருந்து சுடும் போர்முறைக்கு, நெடுந்தூரக் குறி தேவையில்லை. கிட்டத்தில் ஒழுங்காக வெடித்தால் போதும். துவக்குகளின் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமை அங்கே பெரிய குறையாகத் தெரியவில்லை.

குறை தெரிந்தது வேறு இடத்தில். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மலைநாட்டிலேயே கிடைத்தது. 1821இல் இலங்கை உள்நாட்டைப் பற்றி நூல் வெளியிட்ட மருத்துவர் ஜோன் டேவி, தும்பறைப் பகுதியில் மெமூர என்ற இடத்தின் வெடியுப்புக் குகையை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். வௌவால் எச்சம் கலந்த குகை மண்ணைச் சுரண்டி, சாம்பல் சேர்த்து, நீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரைக் காய்ச்சினால் உப்பு படியும். நக்கிள்ஸ் மலைப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு இன்றும் ‘நைட்டர் கேவ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். இரும்பும் உள்ளூரில் உருகியது. ஆனால் கந்தகமும் ஈயமும் கடல்வழியே வரவேண்டியவை. 1766 உடன்படிக்கையில் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்த பின், குண்டுக்கான ஈயத்தின் வழி அந்நியர் கையில் போய்விட்டது. எந்த அளவில் குழலைக் கடைந்தாலும், அதற்குள் போகும் பொருளை வேறொருவன் தரவேண்டியிருந்தால் அந்த ஆயுதம் முழுமையாக உன்னுடையது அல்ல.

அந்த உடன்படிக்கைக்கு முந்திய ஆண்டில், 1765 பெப்ரவரியில், ஆளுநர் வான் எக்கின் ஒல்லாந்தப் படை கண்டி நகருக்குள் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டது. கொண்டுபோன பொருட்களுள் ஒரு மீற்றர் அளவு நீளமான சிறு பீரங்கி ஒன்று இருந்தது. வெண்கலக் குழல்; மேலே பொன், வெள்ளி, மாணிக்கம்; கண்டி அரசின் சின்னங்களான சூரியன், பிறை, சிங்கம். லெவ்கே திசாவை 1745–46இல் அரசனுக்குக் காணிக்கையாக அளித்தது என்று அதில் சிங்களத்தில் பொறித்திருக்கிறது. அப்போது அரியணையில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியில் கண்டியின் முதல் அரசர் அவரே. நெதர்லாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த அந்தப் பீரங்கி, இரண்டு பெரிய மதில் துவக்குகளுடனும் வாள்கள், கத்தியுடனும் 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தது. ஆறு பொருட்கள். இந்தக் கைவேலையை இனி வெளிநாட்டுப் படப்புத்தகத்தில் தேடவேண்டியதில்லை என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

கண்டியோடு மோதிய பிரித்தானியர் கையில் இருந்த துவக்கு வேறு வகையான சிந்தனையின் விளைவு. அதன் குழல் விட்டம் 19 மில்லிமீற்றர். குண்டோ ஏறத்தாழ 17.5 மில்லிமீற்றர்தான். ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். சில வேட்டுகளுக்குப் பிறகு குழலுக்குள் கரி படிந்தாலும் அடுத்த குண்டு இறங்க வேண்டும். எந்தப் பட்டறையில் செய்த துவக்கிலும் எந்தப் பெட்டியில் வந்த குண்டும் போகவேண்டும். குறி தவறினாலும் பரவாயில்லை, வழங்கல் தடைபடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அளவு என்பது ஒரு கொல்லரின் கையிலிருந்து நழுவி, அரசாங்கத்தின் கட்டளையாக மாறியது இப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவையாகச் செய்யும் இயந்திரங்கள் வந்தன. குண்டையும் மருந்தையும் வெடிமூடியையும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடைத்த தோட்டா வந்தது. அந்தத் தோட்டாவை நம்பித்தான் தானே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி பிறந்தது.

இப்போது அளவு மாற்றுவதற்கு வருவோம். கண்டித் துவக்கில் ஒத்துப்போக வேண்டியவை இரண்டே: குழலும் குண்டும். தானியங்கும் கைத்துப்பாக்கியில் ஒத்துப்போக வேண்டியவை பல. தோட்டாவின் கூடு போய் உட்காரும் அறை, கூட்டின் அடியைத் தாங்கும் முகம், அதைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி, ரவைக்கூடு, பின்னோக்கி ஓடும் மேற்பாகத்தின் எடை, அதை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில். சுடும்போது பிறக்கும் உதைப்பே இந்த இயந்திரத்தை ஓட்டுகிறது. உதைப்புக் குறைந்தால் மேற்பாகம் பாதிவழியில் நின்றுவிடும். கூடினால் பாகங்கள் அடிபட்டுத் தேயும், உடையும். மணிக்கூட்டில் ஒரு பல்சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் நேரம் என்னாகுமோ அதுபோன்ற தொல்லை இது.

எளிதாக நடந்த மாற்றம் ஒன்றை முதலில் பார்க்கலாம். 1900இல் சுவிற்சர்லாந்து இராணுவம் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கி 7.65 மில்லிமீற்றர் அளவு. அதன் தோட்டாக் கூடு போத்தல் போலக் கழுத்தில் ஒடுங்கியிருக்கும். இன்னும் பெரிய குண்டு வேண்டும் என்று இராணுவத்தினர் கேட்டபோது, கேயோர்க் லூகர் செய்த வேலை அழகானது. கூட்டின் ஒடுங்கிய கழுத்தை விரித்து 9 மில்லிமீற்றர் குண்டுக்கு இடம் செய்தார். கூட்டின் அடி அதே அளவு, 10 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதனால் தாங்கும் முகமும் கொக்கியும் ரவைக்கூடும் பழையவையே போதும். குழலை மட்டும் மாற்றினால் அதே கைத்துப்பாக்கி வேறு அளவு. 1904இல் ஜெர்மன் கடற்படையும் 1908இல் தரைப்படையும் ஏற்றுக்கொண்ட அந்த 9 மில்லிமீற்றர் தோட்டாவே இன்று உலகில் மிகப் பரவலாக ஓடும் கைத்துப்பாக்கித் தோட்டா. நம் பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘9 மில்லிமீற்றர்’ அதுதான். முதல் உலகப் போர் முடிந்த பிறகு சந்தைக்கு வந்த லூகர்களில் பெரும்பாலானவை மறுபடி 7.65க்குத் திரும்பின. தோற்ற நாட்டின் ஆயுதங்கள்மீது வெற்றி பெற்றவர்கள் விதித்த கட்டுப்பாடு அதற்குக் காரணம். குழலின் விட்டத்தைச் சட்டமும் தீர்மானிக்கும்.

இதே தந்திரம் தொண்ணூறுகளில் மீண்டும் வந்தது. 1990இல் வந்த .40 அங்குலத் தோட்டாவின் அடியை அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்தை ஒடுக்கி 1994இல் .357 சிக் என்ற தோட்டாவை வெளியிட்டார்கள். லூகர் விரித்தார், இவர்கள் ஒடுக்கினார்கள். இரண்டிலும் அடி மாறவில்லை; அதனால் குழல் மாற்றமே போதுமானதாயிற்று.

கடினமான மாற்றத்தின் கதை இதைவிடச் சுவையானது. அமெரிக்க இராணுவத்தின் .45 அங்குலக் கைத்துப்பாக்கியில் பயிற்சி கொடுக்க ரவைச் செலவு கூடுதல். அதே கைத்துப்பாக்கியை மலிவான .22 தோட்டாவில் ஓட்டினால் என்ன என்று நினைத்தார்கள். .45 குண்டு ஏறக்குறைய 15 கிராம்; நொடிக்கு 255 மீற்றர் வேகம். .22 குண்டு 2.6 கிராம், வேகம் 330 மீற்றர் அளவு. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், சிறிய குண்டின் உதைப்புப் பெரியதில் கால்வாசிகூட இல்லை. அந்தக் கனமான மேற்பாகத்தை இந்தச் சிறு உதைப்பு அசைக்காது. 1931இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஏஸ்’ மாதிரி மேற்பாகத்தை இலேசாக்கி இதைச் சமாளித்தது. ஆனால் உதைப்பு உண்மையான ஆயுதத்தைப் போல் இல்லை. பயிற்சிக்கு அது குறைதான்.

தீர்வு ஒரு முன்னாள் கைதியிடமிருந்து வந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ், பொலிஸ் அதிகாரி ஒருவரின் கொலைக்காக 1921இல் சிறை சென்று, சிறைப் பட்டறையிலேயே துவக்குப் பொறிகளைச் சிந்தித்தவர். 1929இல் விடுதலையானார். தோட்டா உட்காரும் அறையைக் குழலிலிருந்து பிரித்துத் தனித்துண்டாக்கி, அது சிறிது பின்னே நகரும்படி விட்டார். வெடிப்பின் வாயு கூட்டின் சிறிய அடியை மட்டுமல்லாமல், அந்தத் துண்டின் அகன்ற முன்முகத்தையும் தள்ளியது. தள்ளும் பரப்புக் கூடியதால் விசையும் கூடியது. சிறிய தோட்டா கனமான மேற்பாகத்தை ஓட்டியது. கையில் விழுந்த உதைப்பும் பெரிய ஆயுதத்தை நினைவூட்டியது. 1937இல் இது சந்தைக்கு வந்தது, அடுத்த ஆண்டு .45இல் மாட்டிக்கொள்ளும் மாற்றுத் தொகுதியாகவும் கிடைத்தது. அளவை மாற்ற உதவியது குழல் கடைதல் அல்ல, உதைப்பைப் பற்றிய தெளிவு.

இந்தத் தெளிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர்க் கட்டுத்துவக்கு சாட்சி. தண்ணீர்க் குழாயை வெட்டி, பன்றி வரும் வழியில் கம்பி கட்டி மறைத்து வைக்கும் அந்தச் சாதனத்துக்கு அளவும் இல்லை, அழுத்தம் தாங்கும் கணக்கும் இல்லை. குழாய் செய்தவன் அது வெடிமருந்தைத் தாங்கவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. செய்தவன் கையிலேயே வெடிக்கிறது. அல்லது விறகு பொறுக்கப் போனவரின் காலைச் சிதைக்கிறது. காலில் அடிபட்டு வைத்தியசாலைக்கு வரும் கமக்காரர்களைப் பற்றி நம் சத்திரசிகிச்சை நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருக்க மட்டுமல்ல, செய்யவும் திருத்தவும்கூட அனுமதிப்பத்திரம் கேட்கிறது. அதைச் சிவப்பு நாடாவாக மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு தொழிற்சாலைத் தோட்டாவுக்குள் அடங்கியிருக்கும் அழுத்தம் சாதாரணமானதல்ல: 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஐரோப்பிய நியமம் அனுமதிக்கும் உச்சம் 2350 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். அளவு பொருந்துகிறது என்பதற்காக எந்தத் தோட்டாவையும் எந்தக் குழலிலும் போடலாம் என்று ஆகிவிடாது.

கண்டிக் கொல்லர்களின் இரும்புத் தொழில் எப்படி முடிந்தது என்பதை ஓரளவு அறிய முடிவதற்கு ஒரு தமிழர் காரணம். முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக நாடெங்கும் நடந்து திரிந்தபோது, இரும்பும் உருக்கும் உருக்கிய கடைசித் தலைமுறையைக் கண்டு பதிவு செய்தார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. பாறையை அளக்கப் போன விஞ்ஞானி பட்டறையில் உட்கார்ந்துவிட்டார் என்பது நம் அதிர்ஷ்டம். உலைக்கூடம், துருத்தி, கருவி, அவற்றின் பெயர்கள் என்று அவர் எழுதிவைத்திராவிட்டால், இன்று நமக்கு மிஞ்சியிருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் வெள்ளி வேலைப்பாடு மட்டும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றி நூதனசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். கண்டித் துவக்கு ஒன்றைக் காட்சிக்கு வைக்கும்போது தந்தம், வெள்ளி, செதுக்கல் என்று எழுதும் குறிப்பின் கீழே குழலின் நீளம், உள்விட்டம், சுவரின் தடிப்பு ஆகிய மூன்று எண்களையும் எழுதுங்கள். இருபது துவக்குகளின் எண்களை அருகருகே வைத்தால், ஒரே பட்டறையில் பிறந்தவை எவை, அரச பட்டறைக்கென்று ஒரு பொது அளவு இருந்ததா, கொடிதுவக்கின் குழல் எந்த அளவு மருந்தைத் தாங்கியிருக்கும் என்பதையெல்லாம் பேராதனையில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவி ஒரு பிற்பகலில் கணக்கிடத் தொடங்கிவிடலாம். அதற்கு வேண்டியது ஓர் அளவுகோலும், பெட்டியைத் திறக்க ஒருவரின் அனுமதியும்.